மூன்றாவது மொழி

சென்ற ஆண்டு மூன்று வார காலம் எங்கள் வீட்டு உணவு மேசையின் மீது ஒரு கை கிடந்தது. பிளாஸ்டிக் கைதான். தோள்பட்டை எலும்பும் காறை எலும்பும் சேர்த்து மொத்தம் 32 எலும்புகள். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளை மட்டும் ஒரு கம்பியில் கோத்திருந்தார்கள். அம்மாச்சி முதல் நாள் அதைக் கண்டதும் திருநீற்றுக் கிண்ணத்தைத் தேடிப் போனார். “பிளாஸ்டிக்குதான் அம்மாச்சி” என்று எங்கள் மகள் எத்தனை முறை சொல்லியும் மேசையின் அந்தப் பக்கம் அவர் உட்காரவில்லை.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று வருவது மேடைப் பன்மை அன்று. நாங்கள் இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். மற்றவர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. எழுதுவது தமிழ் படித்தவர் என்றாலும் நடந்தவற்றில் இருவருக்கும் சம பங்கு உண்டு, பிழையிலும்தான்.

மகளை ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் சேர்த்தோம். வசதியின்மையால் அன்று, கொள்கையால். தாய்மொழிக் கல்வி பற்றி எங்களில் ஒருவர் மேடைகளில் பேசியவர். பேசிவிட்டு வீடு திரும்பிப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றுகிறவர்களைக் கண்டு எரிச்சல்பட்டவர். ஆகவே அப்படிச் சேர்த்ததில் எங்களுக்குச் சிறிது கர்வமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவள் நன்றாகப் படித்தாள். நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு என்பதால் அதையும் தமிழிலேயே எழுதினாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழக அரசு 2020இல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் அவளுக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணியிடங்களில் இனிப்பு வழங்கினோம். எங்கள் வாதம் வென்றுவிட்டது என்றே நினைத்தோம்.

முதல் உள்தேர்வு முடிந்த இரவு, விடுதியிலிருந்து பேசினாள். மேற்கை உடற்கூறு. எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறிப் பாதி எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் அவள் கையில் ஓர் எலும்பைக் கொடுத்து, வலக்கையா இடக்கையா என்று கேட்டிருக்கிறார்கள். ஹியூமரஸ், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டது. வலக்கை என்று சரியாகச் சொன்னாள். எப்படித் தெரியும் என்றார்கள். எலும்பின் தலை உள்நோக்கியும் மேல்நோக்கியும் பின்நோக்கியும் இருக்க வேண்டும். கீழ்முனையில் உள்ள பெரிய குழி பின்பக்கம் வரவேண்டும். இரண்டும் பொருந்தும்படி பிடித்தால் இது வலப்பக்கத்து எலும்புதான். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தமிழில் தெரியும். வாய் தமிழில் தொடங்கியது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் நின்ற யாரோ மெல்லச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்த மொழியிலும் சொல் வரவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்.

“என்னை ஏன்ப்பா தமிழ் மீடியத்துல போட்டீங்க?”

அலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. இருவரும் கேட்டோம். மேடையில் இதே கேள்விக்கு நாற்பது நிமிடம் விடை சொல்லியிருக்கிறோம். அன்று ஒரு வாக்கியமும் கிட்டவில்லை. “லீவுக்கு வாம்மா, பாத்துக்கலாம்” என்றோம். எதைப் பார்த்துக்கொள்வோம் என்று எங்களுக்கே தெரியாது.

*

அவள் பொங்கல் விடுமுறைக்கு வந்தாள். சௌராசியாவின் உடற்கூறு நூலின் முதல் தொகுதியைக் கொண்டுவந்திருந்தாள். மேற்கையும் மார்பும் அடங்கியது. மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியது. பக்கமெல்லாம் முன்னவரின் வண்ணப் பேனாக் கோடுகள். மறுதேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. காய்ச்சல் என்று சொல்லி விடுப்பை நீட்டித்தாள். நாங்கள் தடுக்கவில்லை.

எங்களில் தமிழ் படித்தவர் அதற்குள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கலைச்சொல் அகராதிகளைப் புரட்டி, மேற்கை உடற்கூற்றுச் சொற்களுக்கெல்லாம் தமிழ் இணைகளைப் பட்டியலிட்டு, நான்கு பக்கம் கணினியில் அச்சிட்டிருந்தார். கிளாவிக்கிள் என்பதற்குக் காறை எலும்பு. ரேடியஸ் என்பதற்கு ஆர எலும்பு. பிரேக்கியல் பிளெக்சஸ் என்பதற்குப் புயநரம்புப் பின்னல். அகராதியில் கிடைக்காதவற்றுக்கு அவரே சொல் படைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மகள் நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண். பிறகு சொன்னாள்:

“அப்பா, நான் ஒரே பாடத்தை ஏற்கெனவே ரெண்டு தடவை படிக்கிறேன். மொதல்ல தமிழ்ல புரிஞ்சுக்கணும், அப்புறம் இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணணும். நீங்க மூணாவதா ஒரு மொழி குடுக்குறீங்க. இதுல இருக்குற தமிழ் எனக்குத் தெரியாதுப்பா.”

கணித ஆசிரியை சிரித்துவிட்டார். தமிழாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரவு அவருக்குத் தூக்கமும் சரியாக வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. அந்தப் பட்டியல் அவளுக்காகச் செய்ததன்று. அவள் கேட்ட கேள்விக்கு எங்கள் சார்பில் நாங்களே தயாரித்த பதில் அது. தமிழில் முடியும் என்று அவளுக்கு நிரூபிக்கப் பார்த்தோம். அவளுக்கு வேண்டியிருந்ததோ நிரூபணம் அன்று, தேர்ச்சி.

*

மறுநாள் வேறுவிதமாகத் தொடங்கினோம். அவள் பாடம் நடத்த வேண்டும், நாங்கள் மாணவர்கள். முதலில் வீட்டுத் தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்தில். சொற்கள் ஆங்கிலப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்பது ஒப்பந்தம்.

புயத்து நரம்புப் பின்னலில்தான் அவள் அதிகம் இடறினாள். கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாவது நரம்பு முதல் மார்பின் முதல் நரம்பு வரை ஐந்து வேர்கள் புறப்படுகின்றன. அவை சேர்ந்து மூன்று தண்டுகளாகின்றன. ஒவ்வொரு தண்டும் முன்னும் பின்னுமாகப் பிரிய ஆறு பிரிவுகள். அவை மறுபடியும் கூடி, அக்குளில் தமனியைச் சுற்றி மூன்று வடங்கள். அவற்றிலிருந்து ஐந்து பெரிய கிளைகள். ஆங்கிலத்தில் இதை நினைவில் வைக்க, ராபர்ட் டெய்லர் என்றொருவர் குளிர்ந்த பீர் குடிப்பதாக மாணவர்கள் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். எங்கள் மகளுக்கு ராபர்ட் டெய்லரும் பழக்கமில்லை, பீரும் பழக்கமில்லை. கணித ஆசிரியை கட்டம் போட்ட தாளில் ஐந்து, மூன்று, ஆறு, மூன்று, ஐந்து என்று எழுதினார். “முன்னாடி பின்னாடி எப்படிப் படிச்சாலும் ஒண்ணுதான், பாரு” என்றார். மகள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் தாளில் முழுப் பின்னலையும் வரைந்தாள். ஒரு கோடுகூடத் தவறவில்லை.

பெயர்களுக்குத் தமிழாசிரியர் இம்முறை தமிழ்ச்சொல் தேடவில்லை. அந்தப் பெயர்களுக்கு அவற்றின் சொந்த மொழியில் என்ன பொருள் என்று தேடினார். தேடத் தேட அவருக்கே வியப்பு. தோள்பட்டை எலும்பில் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொராகாய்டு, கிரேக்கத்தில் காக்கை என்னும் சொல்லிலிருந்து வந்தது. பார்த்தால் காக்கை அலகேதான். கிளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. மணிக்கட்டில் ஒன்று படகு, ஒன்று பிறை, ஒன்று பட்டாணி, ஒன்று கொக்கி. உள்ளங்கையில் உள்ள மெல்லிய தசைகள் நான்குக்கு மண்புழுவின் பெயர். பயமுறுத்திய லத்தீனுக்குள்ளே எவரோ ஒரு நாட்டுப்புறத்தார் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் பட்டதை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார். நம் ஊரில் நட்சத்திரங்களுக்கும் வயல்களுக்கும் பெயர் வைத்தவர்களின் உறவினர் அவர். “இவ்வளவுதானாப்பா?” என்றாள் மகள். ஸ்காஃபாய்டு என்று அதுவரை திக்கியவள், படகு என்று தெரிந்தபின் திக்கவில்லை.

இந்த உற்சாகத்தில் தமிழாசிரியர் ஒரு நாள் இரவு மருத்துவர் கிரீனின் கதையைத் தொடங்கினார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். மானிப்பாயில் தங்கித் தமிழ் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். ஹென்றி கிரே எழுதி 1858இல் லண்டனில் வெளிவந்த உடற்கூறு நூல் இன்றும் உலகெங்கும் புதுப்பதிப்புகள் காண்கிறது. கிரே 1861இல் பெரியம்மையால் 34 வயதில் மறைந்தார். அந்த நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டர் பம்பாய்க்கு வந்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அந்த நூலைத்தான் கிரீன் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே தமிழில் முடிந்திருக்கிறது என்று சொல்லும்போது தமிழாசிரியரின் குரலில் மேடை வந்துவிட்டது. கணித ஆசிரியை அவர் காலை மேசைக்கடியில் மிதித்தார்.

மகள் கேட்டாள்: “அவங்க படிச்சு முடிச்சிட்டு யாருகிட்ட போய் தமிழ்ல பேசுனாங்க?”

“நோயாளிகளிடம்தான். வேறு யாரிடம்?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

*

முன்கையில் எலும்புகள் இரண்டு. எது ரேடியஸ், எது அல்னா என்பது அவளுக்கு ஓயாத குழப்பம். ரேடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். கட்டைவிரல் பக்கம் இருப்பது; உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது மற்றதன் மேல் குறுக்கே புரள்வது. கணக்கில் வரும் ஆரமும் இதுவே என்று இரு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் சொன்னோம். அல்னா அசையாமல் நிற்கும். முழங்கையை மேசையில் ஊன்றும்போது இடிக்கும் கூர்முனை அதனுடையது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முழங்கை என்றும் பொருள். துணி அளக்கும் ஓர் அளவு என்றும் பொருள்.

“அப்போ முழம்” என்றாள் மகள்.

நடுக்கூடத்தில் அம்மாச்சி பூக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் மதுரைத் தெருவில் மல்லிகை கட்டி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அதில் ஒருவர்தான் இந்தக் கணித ஆசிரியை. விற்பதை விட்டுப் பல காலமாகியும், வீட்டுச் சாமிக்கும் அக்கம்பக்கத்துக்கும் கட்டுவதை அவர் விடவில்லை. “என்னத்தா, என் முழமா?” என்று கேட்டுக்கொண்டே சரத்தை முழங்கை முனையில் வைத்து நடுவிரல் நுனிவரை நீட்டிக் காட்டினார். அல்னா எலும்பு, அதன் நீட்சியில் மணிக்கட்டு, விரல். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் கையருகே அந்தக் கையை நீட்டியபோது, முதல் முறையாக அவர் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அளந்து முடித்ததும் கையை இரண்டு உதறு உதறினார். நாங்கள் பல மாதமாகப் பார்த்திருக்கிறோம் அந்த உதறலை. வயதானவர்களின் பழக்கம் என்று விட்டுவிட்டோம். மகள் விடவில்லை.

“அம்மாச்சி, ஏன் கையை உதறுறீங்க? வலிக்குதா?”

“வலியில்ல தாயி. மதமதன்னு இருக்கும். நடுராத்திரியில எறும்பு ஊர்ற மாதிரி வந்து முழிப்புத் தட்டும். உதறுனா போயிரும்.”

“எந்தெந்த விரல்ல?”

அம்மாச்சி கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் தொட்டுக் காட்டினார்.

“சுண்டுவிரல்ல?”

“அது ஒண்ணும் பண்ணாது. அது நல்ல புள்ள.”

“மோதிர விரல்?”

அம்மாச்சி அந்த விரலைத் தடவிப் பார்த்தார். யோசித்தார். “இந்தப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் இல்ல.”

மகளின் முகம் மாறியதை இருவரும் பார்த்தோம். ஒரு விரல், அதில் பாதிக்கு உணர்ச்சி கொடுப்பது ஒரு நரம்பு, மறு பாதிக்கு இன்னொன்று. முதல் நாள்தான் அவள் அதை எங்களுக்குப் பாடமாக நடத்தியிருந்தாள். கட்டைவிரல் தொடங்கி மோதிரவிரலின் பாதிவரை மீடியன் நரம்பு. மீதிப் பாதியும் சுண்டுவிரலும் அல்னா நரம்பு. மீடியன் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியில் நுழைகிறது. தரை எலும்பு, கூரை இறுக்கமான நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு இந்த ஒரு நரம்பு. இடம் இறுகினால் முதலில் நசுங்குவது நரம்புதான். நாற்பது வருடம் நாரைச் சுண்டி முடிச்சிட்ட கை அது.

“நான் டாக்டர் இல்ல அம்மாச்சி, ஃபர்ஸ்ட் இயர்தான்” என்றாள் மகள், அவர் கையை விடாமல். “ஆனா இதை டாக்டர்கிட்ட காட்டணும்.” பிறகு கேட்டுக்கொண்டே போனாள். மரத்துப்போவதும் மதமதப்பும் ஒன்றா? இல்லையாம். மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது. மதமதப்பில் தெரியும், ஆனால் தூரத்தில் தெரிகிற மாதிரி இருக்கும். குடைச்சல் எலும்புக்குள்ளே, உளைச்சல் சதையில், கடுப்பு வேலை செய்தபின் வருவது, எரிச்சல் மேல்தோலில். அம்மாச்சி ஒவ்வொன்றையும் பூ ரகங்களைப் பிரிப்பதுபோலப் பிரித்துச் சொன்னார். எம்.ஏ. தமிழ் படித்தவருக்கு இந்தச் சொற்களெல்லாம் தெரியும். இவற்றுக்கிடையே இத்தனை கறாரான எல்லைகள் உண்டு என்பது தெரியாது.

மகள் எழுதிக்கொள்ளத் தாள் தேடினாள். கைக்கெட்டியது எங்கள் நான்கு பக்கக் கலைச்சொல் பட்டியல். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்.

*

அம்மாச்சியை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். நரம்பின் ஓட்டத்தைச் சோதித்துப் பார்த்து, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதுதான் என்று உறுதி செய்தார்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டிக்கொள்ளப் பட்டை கொடுத்தார்கள். பூக் கட்டுவதைக் குறைக்கச் சொன்னார்கள். பட்டையைக் கட்டிக்கொள்கிறார். இரண்டாவதைக் கேட்பதாயில்லை.

மறுதேர்வுக்கு முந்தைய நாட்களில் வீட்டுத் தமிழ் வகுப்புகள் குறைந்து ஆங்கில வகுப்புகள் கூடின. நாங்கள் தேர்வாளர்களாக உட்கார்ந்தோம். எங்கள் ஆங்கிலமும் பாராட்டத்தக்கதன்று. கேள்வியைத் தப்பும் தவறுமாகக் கேட்டோம், அவள் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை என்பதே அந்த வகுப்பின் சிறப்பு. இருபது முறை, முப்பது முறை அந்த ஹியூமரசைக் கையில் கொடுத்து, “எந்தப் பக்கம், ஏன்?” என்று கேட்டிருப்போம். ஓர் இரவு அவள் தூக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ முனகியதைக் கணித ஆசிரியை கேட்டார். காலையில் அதைச் சொன்னபோது நாங்கள் மகிழ்ந்தோமா வருந்தினோமா என்று சொல்லத் தெரியவில்லை.

புறப்படும் நாளன்று பேருந்து நிறுத்தத்தில் அவள் பிணக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். அதுவரை அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. அவர்கள் மேசையில் இருப்பவர் ஒரு முதியவர். உள்ளங்கையில் காய்ப்பு உண்டு. ஏதோ கைவேலை செய்தவராக இருக்க வேண்டும். உடலுக்கு மரியாதை செய்வதாக முதல் நாள் எல்லாரும் ஆங்கிலத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்களாம். “எல்லாரும் போனப்புறம் நான் தனியா தமிழ்ல ஒரு தடவை சொன்னேன்ப்பா. அவருக்குப் புரியணும்ல” என்றாள். பேருந்து வந்துவிட்டது.

மறுதேர்வில் தேறினாள். சிறப்பாக அன்று, தேர்ச்சி எல்லையைக் கொஞ்சம் தாண்டி. வாய்மொழித் தேர்வில் இம்முறை காறை எலும்பு வந்ததாம். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், இரண்டு இடத்தில் இலக்கணம் உதைத்தது, தேர்வாளர் பொருட்படுத்தவில்லை. இதைச் சொல்லிவிட்டு, “அம்மாச்சி கை எப்படிம்மா இருக்கு? ராத்திரி முழிப்புத் தட்டுதா?” என்று கேட்டாள்.

அந்தப் பழைய கேள்வியை அவள் மறுபடியும் கேட்கவில்லை. நாங்களும் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. தமிழ்வழியில் படித்தது அவளுக்கு இன்னும் பல தேர்வுகளில் பாரமாகத்தான் இருக்கும். அந்தப் பாரத்தை அவள் கேட்டு வாங்கவில்லை, நாங்கள் ஏற்றினோம். தமிழாசிரியர் இப்போதும் மேடை ஏறுகிறார். தாய்மொழிக் கல்வி பற்றிப் பேசும்போது, ஆங்கிலத்தைத் தாண்ட வேண்டிய பிள்ளைக்கு யார் கைகொடுப்பது என்பதையும் சேர்த்துப் பேசுகிறார். கைதட்டல் முன்னைவிடக் குறைவு.

சென்ற மாதம் விடுமுறையில் வந்தவள் சௌராசியாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள். மணிக்கட்டுப் பகுதியில் அடையாளத்துக்காக மடித்து வைத்திருந்தது எங்கள் பட்டியல்தான். முன்பக்கத்தில் நாங்கள் படைத்த சொற்கள். ஒன்றின் அருகிலும் அவளது குறி இல்லை. பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து: மதமதப்பு, குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எறும்பு ஊர்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த நரம்பு என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தாள். இரண்டு மூன்றில் மட்டும் கேள்விக்குறியை அடித்திருந்தாள்.

புத்தகத்தை மறுநாளே கூரியரில் அனுப்பிவிட்டோம். தாளை மடித்தபடியே உள்ளே வைத்து.